இன்ஹேலர் கொடுக்காத அம்மா அலட்சியக்காரியா?

கேள்வி, மார்ச் 3

அண்ணன் பையனுக்கு 6 வயது. 3 வயதிலிருந்தே வீசிங். தினமும் காலையும் இரவும் இன்ஹேலர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அண்ணி கொடுப்பதே இல்லை. கேட்டால் ‘கொடுத்தாச்சு’ என்பார். நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறார், தலைகூடச் சீவுவதில்லை. இருமல் முற்றி நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான் மிச்சம். போன மாதம் ஆக்ஸிஜன் வைக்கும் அளவுக்குப் போய்விட்டது. பெற்ற பிள்ளை விஷயத்தில் இவ்வளவு அலட்சியமா? இவருக்கு எப்படிப் புரியவைப்பது?

மார்ச் 3, இரவு

புரியவைக்க ஒன்றும் இல்லை. உங்கள் அண்ணிக்கு எல்லாம் புரிகிறது, உங்களைவிட நன்றாகவே புரிகிறது. அதுதான் அவரைப் படுக்க வைத்திருக்கிறது.

நீங்கள் எழுதியதில் பாதி ஆஸ்துமா, மீதி மனச்சோர்வு. படுத்தே கிடப்பது, தலை சீவாதது, செய்யாததைச் செய்ததாகச் சொல்லிக் கேள்வியிலிருந்து தப்பிப்பது, இதெல்லாம் எனக்கு நன்றாகவே பழக்கம். என் மகனுக்கும் வீசிங். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நானும் அப்படித்தான் கிடந்தேன்.

ஒன்றைக் கவனியுங்கள். ஆஸ்துமாவுக்கு இரண்டு வகை மருந்து. இழுப்பு வரும்போது கொடுக்கிற சால்புடமால், சில நிமிடங்களிலேயே வேலை செய்யும். தினமும் கொடுக்கிற ஸ்டீராய்டு இன்ஹேலர், அதாவது பியூடசோனைடு, ஃப்ளூட்டிகசோன் மாதிரியானவை, மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். பிள்ளை ஓடியாடி விளையாடும் நாளிலும் கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, கொடுக்காவிட்டாலும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது.

மனச்சோர்வு முதலில் காலைப் பிடித்து இழுப்பது இப்படிப்பட்ட வேலைகளைத்தான். பிள்ளை மூச்சுக்குத் திணறினால் எந்த நிலையில் இருக்கும் அம்மாவும் எழுந்து ஓடுவாள். நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது யார் என்று நீங்கள் எழுதவில்லை. அண்ணியாகத்தான் இருக்கும்.

மார்ச் 4

‘எல்லாவற்றுக்கும் டிப்ரஷன் என்று பெயர் வைத்துவிட்டால் பொறுப்பு யாருக்கு?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெயர் வைத்தது நான் அல்ல. அமெரிக்காவில் பால்டிமோர், வாஷிங்டன் நகரங்களில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் அம்மாக்களிடம் விசாரித்து 2001-ல் ஓர் ஆய்வு வந்தது. ஏறத்தாழப் பாதி அம்மாக்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கணிசமாக இருந்தன. அந்த அம்மாக்களின் பிள்ளைகள்தான் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அதிகம் போயிருந்தார்கள். அதே குழு பிறகு மருந்து கொடுக்கும் பழக்கத்தையும் பார்த்தது. டோஸ் மறப்பதும் இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்தத் தடுமாறுவதும் இந்த வீடுகளில்தான் அதிகம்.

அவர்கள் வறுமையும் நெருக்கடியுமான வீடுகளில் இருந்த அம்மாக்கள். எல்லா வீட்டிலும் பாதிக்குப் பாதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எது முதலில் வந்தது என்பதையும் அந்தக் கணக்கு சொல்லாது. பிள்ளை அடிக்கடி திணறுவதைப் பார்த்தே அம்மா சோர்ந்துபோயிருக்கலாம், அம்மா சோர்ந்ததால் மருந்து தவறியிருக்கலாம். என் வீட்டில் இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தன.

மார்ச் 4, கொஞ்சம் கழித்து

இன்ஹேலர் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வேறு அறையில் இருக்கும் மனைவியிடம் ‘பையனுக்கு மருந்து கொடுத்தாச்சா?’ என்று குரல் கொடுக்கும் கணவர்களுக்கு: கேட்க ஆகும் நேரத்தில் கொடுத்தே முடித்திருக்கலாம்.

மார்ச் 6

ராத்திரியைப் பற்றி எழுதாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

ஆஸ்துமா ராத்திரி நோய். மூச்சுக்குழாய் விடிகாலை 4 மணி வாக்கில்தான் மிகவும் குறுகியிருக்கும். வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனை உடம்பு தானாகச் சுரக்கும், அது நள்ளிரவில் குறைந்துபோவது அதற்கு ஒரு காரணம். பகலில் டாக்டர் ஸ்டெத் வைத்துப் பார்க்கும்போது நெஞ்சு சுத்தமாக இருக்கும். ‘நல்லாத்தானே இருக்கான்’ என்பார். விடிகாலையில் அந்த வறட்டு இருமலைக் கேட்பது அம்மா மட்டும்தான்.

இருமல் வந்த ராத்திரியைக்கூட ஓட்டிவிடலாம். வராத ராத்திரிதான் என்னைத் தின்றது. அவன் நிம்மதியாகத் தூங்குவான். நான் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு, விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். மூக்கடைப்பில் லேசாகக் குறட்டை விட்டாலும் விளக்கைப் போடுவேன். விடிந்ததும் எழுந்திருக்க உடம்பு ஒத்துழைக்காது. காலை டோஸ் தவறும். தவறியதை நினைத்து அன்று முழுவதும் என்னையே திட்டிக்கொள்வேன். ராத்திரி மறுபடி முதுகில் கை.

இப்படிப்பட்டவளிடம் வந்து ‘காலையில் 2 பஃப் அடிக்க என்ன கஷ்டம்?’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? கஷ்டம் இல்லைதான். அதனால்தான் கூடுதலாக அசிங்கப்பட்டேன்.

எங்கள் வீட்டில் முதலில் உருப்படியாக நடந்தது ராத்திரியைப் பங்கு போட்டது. என் மாமியார் ஒருநாள் எதுவும் பேசாமல் அவன் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டார். ‘நீ அந்த ரூமுக்குப் போ, கதவைச் சாத்திக்கோ, தேவைன்னா நான் எழுப்பறேன்’. ஆரம்பத்தில் அதுவும் பலிக்கவில்லை, சுவரில் காதை வைத்துக்கொண்டு கிடந்தேன். பிறகு ஒருநாள் காலை வெயில் முகத்தில் பட்டுத்தான் விழித்தேன்.

உடனே ஒரு திருத்தம், யாராவது கேட்பதற்குள் எழுதிவிடுகிறேன்: தூக்கம் மட்டும் மனச்சோர்வைத் தீர்க்கவில்லை. அடுத்த வேலைக்கு, அதாவது டாக்டரிடம் போவதற்கு, எழுந்து நிற்கிற தெம்பைத் தந்தது. அவ்வளவுதான்.

மார்ச் 7

‘அம்மா டென்ஷனாக இருந்தால்தான் பிள்ளைக்கு வீசிங் வருமாம், படித்திருக்கிறேன்’ என்கிறார் இன்னொருவர். அவர் படித்ததை யார் எழுதியது என்று தேடிப் போகவில்லை. ஆனால் இந்தப் பேச்சுக்குப் பழைய வரலாறு உண்டு.

1941-ல் சிகாகோவில் ஃப்ரெஞ்ச், அலெக்சாண்டர் என்று இரண்டு உளப்பகுப்பாய்வாளர்கள், ஆஸ்துமா இழுப்பு என்பது தாய்க்காக எழுந்து அடக்கப்பட்ட அழுகை என்கிற மாதிரி எழுதினார்கள். பிறகு பெஷ்கின் என்ற டாக்டர் கடுமையான ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வெகுகாலம் விடுதியில் வைப்பதை ஒரு சிகிச்சையாகவே முன்வைத்தார். குடல்வாலை வெட்டி எடுப்பதை ‘அப்பென்டெக்டமி’ என்கிறார்கள் அல்லவா, அதே பாணியில், பெற்றோரை வெட்டி எடுப்பது என்ற பொருளில், ‘பேரன்டெக்டமி’ என்று அதற்குப் பெயர். அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் இதற்கென்றே பிள்ளைகள் தங்கியிருந்தார்கள். பலருக்குக் குணம் தெரிந்தது என்பதும் உண்மை. உடனே பழி அம்மா தலையில்.

1960-களில் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் வீட்டுத் தூசியில் உள்ள கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிதான் பெரிய ஒவ்வாமைக் காரணி என்று கண்டுபிடித்தார்கள். மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிற பூச்சி. வறண்ட மலைக்காற்றில் அது பிழைப்பது கஷ்டம். டென்வர் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில். பிள்ளையிடமிருந்து எடுத்துவிட்டது அம்மாவையா மெத்தையையா என்று இப்போது கேட்கத் தோன்றும்.

மார்ச் 7, ராத்திரி

மேலே எழுதியது எனக்குச் சாதகமான பாதி. மறுபாதியையும் வைத்துவிடுகிறேன்.

1969-ல் டென்வரிலேயே பர்செல் என்பவரின் குழு தலைகீழாகச் செய்து பார்த்தது. பிள்ளையை அதே வீட்டில், அதே மெத்தையில் விட்டுவிட்டு, குடும்பத்தை 2 வாரம் வெளியே தங்கவைத்தார்கள். வேறொருவர் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். மனநிலையால் இழுப்பு தூண்டப்படுகிறது என்று முன்கூட்டியே கணித்த பிள்ளைகளுக்கு அந்த 2 வாரத்தில் உண்மையாகவே நன்றாக இருந்தது. மற்றவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை.

ஆக, வீட்டின் மனநிலை சில பிள்ளைகளின் மூச்சைத் தொடுகிறது. தூசி, புகை, சளி மாதிரி அதுவும் ஒரு தூண்டல். அம்மா நோயை உண்டாக்கினாள் என்று இதற்கு அர்த்தம் வராது. ஆனால் அம்மாவின் மனச்சோர்வைக் கவனிக்காமல் விடுவதற்கும் இடமில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வது எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. முதல் வரியைக் கேட்டதும் எந்த அம்மாவும் காதைப் பொத்திக்கொள்வாள்.

மார்ச் 9

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். ராத்திரி டோஸைத் தானே கொடுக்கப் போனாராம். அண்ணி இன்ஹேலரைப் பிடுங்கிக்கொண்டு, ‘என்னை நம்பலைன்னா நேரா சொல்லிடுங்க’ என்று அழுதாராம்.

எதிர்பார்த்ததுதான். நொந்துபோன அம்மாவிடம் மிச்சம் இருக்கிற ஒரே பெருமை, ‘இவனை எனக்குத்தான் தெரியும்’ என்பது. அதையும் கையிலிருந்து பிடுங்கினால் என்ன செய்வாள்?

பிடுங்காதீர்கள். கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். ‘அண்ணி, எனக்குப் பழக்கிவிடுங்க, நீங்க இல்லாத நேரம் ஆகணும்ல’. பொய்யும் இல்லை. ஸ்பேசரோடு, அதாவது இன்ஹேலரில் பொருத்துகிற பிளாஸ்டிக் குடுவையோடு, கொடுப்பது பார்வைக்குத்தான் எளிது. இன்ஹேலரைக் குலுக்க வேண்டும். உதட்டால் ஊதுகுழலை இடைவெளியில்லாமல் கவ்வச் செய்ய வேண்டும். ஒரே ஒரு முறை அழுத்தி, பிள்ளை நிதானமாக 5, 6 மூச்சு இழுத்து விடும்வரை எடுக்கக் கூடாது. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே வால்வு ‘டக், டக்’ என்று திறந்து மூடுவது காதில் விழும். சத்தம் வராவிட்டால் பக்கவாட்டில் காற்று கசிகிறது என்று அர்த்தம். கொஞ்சம் விட்டு, மறுபடி குலுக்கி, அடுத்த பஃப். இரண்டு பஃப்பையும் சேர்த்து அழுத்தினால் மருந்து உள்ளே போவது குறைந்துவிடும்.

இதில் பாதி உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன். அண்ணிக்குத் தெரிந்திருக்கும். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள்.

அப்புறம், ஸ்டீராய்டு இன்ஹேலர் அடித்தால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சைப் புண் வரும். அதனால் பல் துலக்குவதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். ஒரே வேலையில் இரண்டும் முடியும், ‘கொடுத்தாச்சா’ என்ற கேள்வியும் எழாது. பிரஷ் ஈரமாக இருந்தால் கொடுத்தாச்சு.

மார்ச் 10

டோஸ் கவுண்டர், அதாவது இன்னும் எத்தனை பஃப் மிச்சம் என்று காட்டும் எண், உள்ள இன்ஹேலர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வாங்கலாம். ஆனால் அதை எடுத்துப் பார்த்து, ‘இந்நேரம் 140 இருக்கணும், 172 இருக்கே’ என்று அண்ணி முன்னால் கணக்குக் கேட்பதாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

மார்ச் 12

என் கதையில் எனக்கு இன்னும் ஆறாத பகுதி இது. மகனைக் காட்ட மாதாமாதம் போன இடத்தில் அவன் எடை, உயரம், ஆக்ஸிஜன் அளவு, இருமல் என்று எல்லாம் எழுதினார்கள். எதிரே உட்கார்ந்திருந்த என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருமுறை ‘அம்மா கொஞ்சம் அக்கறை எடுக்கணும்’ என்று அறிவுரை மட்டும் கிடைத்தது. பிறகு வேறோர் இடத்தில் நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்த நர்ஸ், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, ‘நீங்க தூங்கறீங்களா?’ என்று கேட்டார். அங்கேயே உடைந்துவிட்டேன்.

கேட்பதற்குப் பெரிய பயிற்சி வேண்டாம். மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் பி.எச்.க்யூ-2 (PHQ-2) என்ற சோதனையில் இரண்டே கேள்விகள்தான். கடந்த 2 வாரத்தில் எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் என்றால் விரிவாகப் பார்க்க வேண்டும். குழந்தை மருத்துவர் அறையிலேயே ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை.

பிள்ளையின் நிலையை எடைபோடும்போதும் ஒன்று. சோர்ந்திருக்கும் அம்மா சில சமயம் உள்ளதைவிட மோசமாகச் சொல்வாள், சில சமயம் எதுவுமே உறைக்காது. 4 முதல் 11 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கான ஆஸ்துமாக் கட்டுப்பாட்டுச் சோதனையில் 7 கேள்விகளில் 4 பிள்ளைக்கே உரியவை, முகப்படங்களைப் பார்த்துப் பதில் சொல்லும். மொத்த மதிப்பெண் 19 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. பையனையும் கேளுங்கள். 6 வயதுக்குத் தாராளமாகச் சொல்வான்.

மார்ச் 13

முதல் நாள் நான் எழுதியதைப் படித்தால், ‘அம்மா சரியானால் டோஸ் ஒழுங்காகும், டோஸ் ஒழுங்கானால் ஆஸ்துமா அடங்கும்’ என்று ஒரே நேர்க்கோடாகத் தெரிகிறது. அவ்வளவு நேராக இல்லை. அமெரிக்காவின் டல்லாஸ், பஃபலோ நகரங்களில் மனச்சோர்வுள்ள பெற்றோரையும் ஆஸ்துமா உள்ள அவர்களது 7 முதல் 17 வயதுப் பிள்ளைகளையும் ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பெற்றோரின் மனச்சோர்வு குறையக் குறைய பிள்ளையின் ஆஸ்துமாவும் மேம்பட்டது. நடுவில் பாலமாக இருந்தது எது என்று பார்த்தால், ஓரளவுக்குப் பிள்ளையின் சொந்த மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தது. மருந்தை ஒழுங்காக எடுத்தது அல்ல.

யோசித்துப் பார்த்தால் என் மகனும் அப்படித்தான். நான் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் அவன் தன் மூச்சைப் பற்றி வாயைத் திறந்தான். அதுவரை இழுப்பு வந்தால் ‘அம்மா அழுவாங்க’ என்று போர்வைக்குள் மறைப்பானாம்.

டோஸ் வேண்டாம் என்று இதைப் படித்துவிடாதீர்கள்.

மார்ச் 14

‘மனநல மருத்துவர் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது?’ நியாயமான கேள்வி. பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் கர்ப்ப காலத்திலேயே மனச்சோர்வில் இருந்த பெண்களை, கிராமச் சுகாதாரப் பணிப்பெண்களே பயிற்சி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சந்தித்துப் பேசினார்கள். 2008-ல் வெளியான முடிவு: குழந்தைக்கு 6 மாதமாகும்போது இன்னும் மனச்சோர்வில் இருந்தவர்கள் 23 சதவீதம். வெறுமனே வழக்கமான வீட்டுச் சந்திப்பு மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம். குழந்தைகளுக்குத் தடுப்பூசி முழுமையாகப் போடப்பட்டதும் அதிகம். ஜிம்பாப்வேயில் பாட்டிமார்கள் மர பெஞ்சில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்கிறார்கள்.

அதற்காக அத்தை, சித்தி எல்லாரும் ஆலோசகராகிவிட வேண்டாம். அந்தப் பணிப்பெண்களும் பாட்டிமார்களும் பயிற்சி எடுத்தவர்கள், மேலே ஒருவர் மேற்பார்வை பார்க்கிறார். முக்கியமாக, அவர்கள் ‘மனசைத் தைரியமா வெச்சுக்கோ’ என்று சொல்லிவிட்டு எழுந்து போவதில்லை.

மாத்திரை பற்றி: மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். ‘ஒரு வாரம் போட்டேன், ஒன்றும் இல்லை’ என்று தூக்கிப் போடுவதும், நன்றானதும் சட்டென்று நிறுத்துவதும் வேண்டாம். பால் கொடுப்பவர் என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற மருந்துகள் இருக்கின்றன.

மார்ச் 15

இது அவசரமானது, அதனால் நேராக.

அண்ணி ‘நான் இல்லாம இருந்தா இவனுக்கு நல்லது’ என்கிற மாதிரி எப்போதாவது சொல்லியிருந்தால் கடந்து போகாதீர்கள். ‘உயிரை விடணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டில் உள்ள மாத்திரைகளை அவர் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துவிட்டு அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

பையனுக்கு: ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்குவது, விலாவும் கழுத்துக் குழியும் உள்ளே இழுப்பது, உதடு நீலமாவது, சால்புடமால் கொடுத்தும் கேட்காதது. இதில் எது இருந்தாலும் அண்ணியை எழுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்காமல் ஆஸ்பத்திரி. போகிற வழியிலும் ஸ்பேசரில் சால்புடமால் தொடரட்டும்.

மார்ச் 17

கேள்வியிலிருந்து விலகிப் போகிறேன், பரவாயில்லை. ‘பையன் கொஞ்ச நாளாகக் கத்துகிறான், கெட்ட கனவு கண்டு எழுகிறான், என்னைப் பார்த்துத்தான் கெட்டுப்போகிறான் என்று அண்ணி சொல்கிறார்’ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவன் ஆஸ்துமாவுக்குக் கொடுக்கிற மாண்டெலுகாஸ்ட் மாத்திரை சாப்பிடுகிறானா என்று பாருங்கள். மனநிலை மாற்றம், தூக்கக் கோளாறு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் அதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை கொடுத்தது. இழுப்பு முற்றும்போது சில நாள் கொடுக்கிற பிரெட்னிசலோனும் பிள்ளையை எரிச்சல்காரனாக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் அண்ணியிடம் இன்றே சொல்லிவிடுங்கள், அவர் தலையில் உள்ள பழிகளில் ஒன்றாவது இறங்கட்டும்.

மார்ச் 20

சில்லறைக் கேள்விகளுக்குப் பதில். இன்ஹேலர் குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து மிச்சத்தைப் பார்ப்பது நம்பகமான வழி அல்ல. ஸ்பேசரை மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காயவிடுங்கள், துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டும்.

மார்ச் 23

அண்ணி பழக்கிவிட்டாராம், ராத்திரி டோஸ் இனி உங்கள் பொறுப்பாம். அண்ணனும் இழையில் வந்து, ராத்திரி பையன் பக்கத்தில் தானே படுப்பதாக எழுதியிருக்கிறார். டாக்டரிடம் கூட்டிப் போகவும் நாள் குறித்துவிட்டார்கள். நல்லது. காலை டோஸ் யாருடையது என்று ஒருவரும் சொல்லவில்லை. அண்ணி எழுந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் அதை விட்டுவைத்திருந்தால், டாக்டரிடம் போய் மருந்து பிடிக்கும்வரையிலாவது அதையும் அண்ணனே எடுத்துக்கொள்ளட்டும். அவன் பல் துலக்கும் நேரத்தில் அவரும் வீட்டில்தானே இருக்கிறார்.